இருக்கிற கோப்புறையை இல்லை என்கிறதே! சிம்லிங்க், பாதை பற்றிய ஒரு விரிவான பதில்

தம்பி, பாளையங்கோட்டை அச்சகத்திலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் லினக்ஸ் சர்வரில் ‘/வேலை’ என்ற கோப்புறைக்குள் ‘நடப்பு’, ‘பழையவை’ என இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன. இடம் போதாமல் போனபோது புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை ‘/வட்டு’ என்ற இடத்தில் மவுன்ட் செய்து (அந்தக் கோப்புறை வழியாகத் திறக்கும்படி பொருத்தி), படங்களையெல்லாம் அங்கே நகர்த்திவிட்டு, ‘/வேலை/படங்கள்’ என்ற பெயரில் அதற்கு ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைக் காட்டும் பெயர்) போட்டீர்கள். அதன் பிறகு நான்கு தொல்லைகள் தொடங்கின. ஒன்று, படங்கள் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ‘சிபி முகப்பு.பிடிஎஃப் ..’ என்று நகலெடுக்கக் கொடுத்தால் அந்தக் கோப்பு ‘/வேலை’க்கு வந்து சேருவதில்லை, ஆனால் ‘சிடி ..’ கொடுத்தால் நீங்கள் ‘/வேலை’க்குத்தான் வருகிறீர்கள். இரண்டு, கோயில் கொடை நோட்டீஸ்களின் பழைய வடிவங்கள் இருக்கும் ‘கொடை’ கோப்புறைக்கு நடப்பிலிருந்து போட்ட சிம்லிங்க் சிவப்பாகத் தெரிகிறது, திறப்பதில்லை. மூன்று, மாதந்தோறும் எடுத்த பேக்கப்பை வேறு கணினியில் செருகியபோது படங்கள் எதுவும் அதில் இல்லை. நான்கு, வடிவமைப்பாளர் தம்முடைய பழைய மேக் கணினியிலிருந்து அனுப்பிய ஜிப்பை விரித்த பிறகு ‘பழையவை’க்குள் ‘கொடை’ என்று இரண்டு கோப்புறைகள் நிற்கின்றன. பெயரைத் தட்டினால் ஒன்றுதான் திறக்கிறது. ‘அண்ணாச்சி, சர்வர் பொய் சொல்கிறதா?’ என்று முடித்திருந்தீர்கள்.

சர்வர் நான்கு இடத்திலும் உண்மையைத்தான் சொல்கிறது. சிம்லிங்கும் சரி, கோப்பின் பெயரும் சரி, யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வெறும் எழுத்துகள்தாம். அந்த எழுத்துகளை யார் படிக்கிறார், எந்த இடத்தில் நின்று படிக்கிறார், எந்த நேரத்தில் படிக்கிறார் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டே போனால், உங்கள் நான்கு தொல்லைகளும் ஒரே நூலில் கோத்தவை என்பது தெரிந்துவிடும். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். தெரிவுகளில் பெரிய எழுத்து வரும் இடங்களை மட்டும் தனியே சொல்லுகிறேன். மற்றவை சிறிய எழுத்து.

சிம்லிங்க் என்பது 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வழியாகப் பரவிய வசதி. அதை ஒரு குறுக்குக் கதவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டில் ஒரு பாதை எழுதியிருக்கும், அவ்வளவுதான். ‘எல்எஸ் -எல்’ கொடுக்கும்போது சிம்லிங்கின் அளவு என்று ஓர் எண் காட்டுகிறதே, அது அந்தச் சீட்டில் உள்ள எழுத்துகளின் பைட் எண்ணிக்கை. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அந்தப் பாதை 60 பைட்டுக்குக் குறைவாக இருந்தால், தனியே வட்டில் இடம்கூட எடுக்காமல் ஐநோடுக்குள்ளேயே (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் உள்ள எண்ணிட்ட குறிப்பு) எழுதி வைத்துவிடும். சிம்லிங்க் வசதி அணைந்திருக்கும் விண்டோஸ் கணினியில் கிட் (நிரல்களின் பதிப்புகளைக் காக்கும் கருவி) களஞ்சியம் ஒன்றை இறக்கினால், சிம்லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி கொண்ட சாதாரண எழுத்துக் கோப்பு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரிதான் சிம்லிங்கின் முழு உடம்பும்.

சீட்டை எழுதும் ‘எல்என் -எஸ்’ கட்டளை, அதில் எழுதிய முகவரி உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. நீங்கள் எதைக் கொடுத்தாலும் அப்படியே எழுதி ஒட்டிவிட்டுப் போய்விடும். படிப்பது பின்னால், யாரோ அந்தப் பெயரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் செய்யும் வேலை. உங்கள் இரண்டாவது தொல்லை இந்த இடத்தில்தான் பிறந்திருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

நீங்கள் ‘/வேலை’க்குள் நின்றுகொண்டு ‘எல்என் -எஸ் பழையவை/கொடை நடப்பு/கொடை’ என்று கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ‘பழையவை/கொடை’ என்ற பாதை சரிதான். ஆனால் சீட்டு ஒட்டப்பட்டது நடப்புக்குள். தாமிரபரணிக் கரையில் நிற்கும் ஒருவர் ‘அக்கரையில் இருக்கிறேன், வா’ என்று சீட்டு எழுதினால், அதை ஜங்ஷனில் படிப்பவர் பாலத்தைக் கடந்து வண்ணார்பேட்டைக்கு வருவார். வண்ணார்பேட்டையில் படிப்பவர் பாலத்தைக் கடந்து ஜங்ஷனுக்குப் போவார். கெர்னலுக்கு இதில் ஒரே விதிதான் உண்டு: சாய்கோட்டில் தொடங்காத பாதையை, சீட்டு எந்தக் கோப்புறையில் ஒட்டப்பட்டிருக்கிறதோ அங்கே நின்றுதான் படிக்கும். எழுதியவர் நின்ற இடமும் கணக்கில் இல்லை, இப்போது திறப்பவர் நிற்கும் இடமும் கணக்கில் இல்லை. ஆகவே அது ‘/வேலை/நடப்பு/பழையவை/கொடை’ என்ற ஒன்றைத் தேடியது. அப்படி ஒன்று இல்லை. அந்தச் சீட்டில் எழுதியிருக்க வேண்டியது ‘../பழையவை/கொடை’.

இதைச் சரிசெய்யும்போது இன்னொரு குழி இருக்கிறது. பழைய சிம்லிங்கின் மேலேயே புதியதைப் போட ‘எல்என் -எஸ்எஃப்’ என்று கொடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. இருக்கும் சிம்லிங்க் உடைந்ததாக இருந்தால் அது எதிர்பார்த்தபடி மாற்றிவிடும். ஆனால் அது உயிரோடுள்ள ஒரு கோப்புறையைக் காட்டிக்கொண்டிருந்தால், எல்என் அதைப் பின்தொடர்ந்து உள்ளே போய், அந்தக் கோப்புறைக்குள் ஒரு புதிய சிம்லிங்கைப் போட்டுவிட்டு, பழையதைத் தொடாமல் விட்டுவிடும். பிழைச் செய்தியும் வராது. மாற்றிவிட்டோம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். நோட்டீஸ் பழைய வடிவத்திலேயே அச்சாகிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க ‘-என்’ என்ற தெரிவையும் சேர்த்து ‘எல்என் -எஸ்எஃப்என்’ என்று கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். குனு எல்என் கட்டளையில் ‘-ஆர்’ என்று ஒரு தெரிவும் உண்டு. அதைச் சேர்த்தால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பாதையைக் கொடுத்தாலே போதும், சீட்டு ஒட்டப்படும் இடத்திலிருந்து எப்படி எழுத வேண்டும் என்பதை அதுவே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதை எழுதுவதா, அப்படித் தொடங்காத சார்புப்பாதை எழுதுவதா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. ஒரே மரத்துக்குள் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குப் போடும் சிம்லிங்க் சார்பாக இருக்கட்டும். நாளைக்கு ‘/வேலை’ முழுவதையும் வேறு இடத்துக்குத் தூக்கி வைத்தாலும் அது பிழைக்கும். வேறு வட்டுக்குப் போடுவது முழுப்பாதையாக இருக்கட்டும். சார்பாக எழுதிய சிம்லிங்கை மட்டும் தனியே எடுத்து வேறு கோப்புறைக்கு நகர்த்தினால், சீட்டின் எழுத்து மாறாமலே அதன் பொருள் மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது முதல் தொல்லை. சிம்லிங்க் வருவதற்கு முன்பு ஒரு கோப்புறைக்கு ஒரே பாதை, ஒரே பெற்றோர் என்ற நிலை இருந்தது. ‘..’ என்ற இரண்டு புள்ளிகளுக்கும் ‘மேலே உள்ள பெற்றோர் கோப்புறை’ என்ற ஒரே பொருள்தான். சிம்லிங்க் வந்த பிறகு ஒரே கோப்புறைக்குப் பல வழிகளில் போகலாம் என்றாகிவிட்டது. கெர்னல் நீங்கள் வந்த வழியை நினைவில் வைப்பதில்லை. நிற்கும் இடம் மட்டுமே அதற்குத் தெரியும். நீங்கள் ‘/வேலை/படங்கள்’ என்று உள்ளே போனாலும், உண்மையில் நிற்பது ‘/வட்டு/படங்கள்’. அதன் பெற்றோர் ‘/வட்டு’. சிபி கட்டளை இரண்டு புள்ளிகளைக் கெர்னலிடம் அப்படியே கொடுத்தது. கோப்பு ‘/வட்டு’க்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் முகப்புக் கோப்புகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும், போய்ப் பாருங்கள்.

‘சிடி’ மட்டும் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்றால், அது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல் என்ற நிரலுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. ஷெல் நீங்கள் வந்த வழியை ‘பிடபிள்யூடி’ என்ற மாறியில் எழுத்தாக வைத்துக்கொண்டிருக்கிறது. ‘சிடி ..’ என்றதும் அந்த எழுத்திலிருந்து கடைசித் துண்டை வெட்டிவிட்டு, மீதமிருக்கும் ‘/வேலை’க்கு உங்களைக் கொண்டுபோகிறது. மனிதர் எதிர்பார்ப்பதற்கு ஏற்ற நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஷெல்லின் நினைவும் கெர்னலின் நிலையும் இரண்டு வேறு விடைகளைத் தரும் என்பது அதன் விலை. ‘எல்எஸ் ..’ கொடுத்துப் பாருங்கள். ‘/வட்டு’க்குள் இருப்பதையே அது பட்டியலிடும். எங்கே நிற்கிறோம் என்ற உண்மை வேண்டுமானால் ‘பிடபிள்யூடி’ கட்டளையைப் பெரிய எழுத்து பி தெரிவோடு கொடுங்கள். சிடி கட்டளைக்கும் அதே பெரிய பி உண்டு. ஸ்கிரிப்ட் எழுதும்போது அதையே பயன்படுத்துவது நல்லது.

படங்கள் விஷயத்தில் சிம்லிங்கே உங்களுக்குப் பொருத்தமான கருவி அன்று என்பது என் கருத்து. லினக்ஸில் ‘பைண்ட் மவுன்ட்’ என்று ஒன்று உண்டு. ‘/வேலை/படங்கள்’ என்ற சிம்லிங்கை நீக்கிவிட்டு, அதே பெயரில் வெறும் கோப்புறை ஒன்றை உருவாக்கி, ‘/வட்டு/படங்கள்’ கோப்புறையை அதன் மேல் ‘மவுன்ட் --பைண்ட்’ கொண்டு பொருத்திவிட்டால், இரண்டு புள்ளிகளுக்குக் கெர்னலும் ஷெல்லும் ஒரே விடையைச் சொல்லும்: ‘/வேலை’. கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் இது நடக்க எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சர்வரின் கோப்புகளை விண்டோஸ் கணினிகள் சாம்பா (கோப்புறைகளை வலையில் பகிரும் மென்பொருள்) வழியாகத் திறப்பதாகவும், அங்கே படங்கள் திறக்கவில்லை என்றும் ஓரமாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? பகிர்ந்த கோப்புறைக்கு வெளியே போகும் சிம்லிங்கைச் சாம்பா இயல்பாகவே பின்தொடராது. அது பாதுகாப்புக்காக வைத்த தடை. அந்தத் தடையை எடுத்துவிடச் சொல்லிச் சிலர் வழி சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். பைண்ட் மவுன்ட் போட்டால் தடையை எடுக்காமலே படங்கள் திறக்கும்.

சிம்லிங்கை நீக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ‘ஆர்எம் படங்கள்’ என்று மட்டும் கொடுங்கள். பெயருக்குப் பின்னால் சாய்கோடு வரக் கூடாது. டேப் விசையை அழுத்திப் பெயரை நிரப்பினால் சில வேளை அந்தச் சாய்கோடு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயரோடு நிறுத்தினால் சீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். சாய்கோடு சேர்த்தால் சீட்டு காட்டும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். ‘ஆர்எம் -ஆர்எஃப்’ கட்டளையோடு அந்தச் சாய்கோடும் சேர்ந்துவிட்டால், சிம்லிங்க் அப்படியே நிற்க, மறுபக்கத்தில் உள்ள படங்கள் அழிந்துபோகக்கூடும். சிம்லிங்கை நீக்க ‘-ஆர்’ ஒருபோதும் தேவையில்லை. ‘அன்லிங்க்’ என்ற கட்டளையே இருக்கிறது, அது ஒன்றே ஒன்றை மட்டும் நீக்கும், கோப்புறையைத் தொடாது.

மூன்றாவது தொல்லைதான் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. ஏனென்றால் அதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஆவணங்களை இரண்டாவது வட்டுக்கு நகர்த்திச் சிம்லிங்க் போட்டிருந்தோம். வாரந்தோறும் பேக்கப் எடுத்து, அதை அதே சர்வரில் செருகியபடியே நான்கைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்ப்பேன், எல்லாம் திறக்கும். இரண்டாவது வட்டு ஒரு நாள் செயலிழந்தபோதுதான், நான் திறந்து பார்த்தவை பேக்கப்பில் இருந்த கோப்புகளே அல்ல என்று தெரிந்தது. பேக்கப்பில் இருந்தது ஒரு சீட்டு. அது முழுப்பாதையில் மூல வட்டைக் காட்டியது. நான் ஒவ்வொரு வாரமும் மூலத்தையே திறந்து பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறேன். அந்த ஆண்டின் ஆவணங்களை மீண்டும் தட்டச்சு செய்த மூன்று பேரின் முகங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

பேக்கப்புக்கு நகலெடுக்கும் கட்டளையை ‘ஆர்சிங்க் -ஏ’ என்று கொடுத்தால், சிம்லிங்க் சிம்லிங்காகவே நகலாகும். அது காட்டும் பொருள் நகலாகாது. அதுதான் சரியான இயல்பும்கூட. பெரிய எழுத்து எல் தெரிவைச் சேர்த்தால் சீட்டுக்குப் பதிலாக உண்மைக் கோப்புகளை எடுக்கும். ஆனால் ஒரே கோப்புறையைப் பத்துச் சிம்லிங்குகள் காட்டினால் பத்து முறை நகலெடுக்கும். மீட்டு வைக்கும்போது சிம்லிங்குகள் இருந்த அமைப்பும் போய்விடும். நான் சொல்வது, ‘/வேலை’, ‘/வட்டு’ இரண்டையும் தனித்தனியாகப் பேக்கப் எடுங்கள் என்பதே. பைண்ட் மவுன்ட் போட்ட பிறகு ஆர்சிங்க் இயல்பாக அதற்குள்ளும் இறங்கும் என்பதால், அப்போது ‘/வட்டு’வில் உள்ள மற்றவற்றை மட்டும் தனியே எடுத்தால் போதும். பேக்கப் எடுக்கும் யூஎஸ்பி வட்டு ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் சிம்லிங்கை வைக்கவே அதற்கு வழியில்லை. ஆர்சிங்க் கடைசியில் சொல்லும் பிழைகளைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். சரிபார்ப்பதை எப்போதும் வேறு கணினியில் செய்யுங்கள். வேறு கணினி இல்லாவிட்டால் ‘ஃபைண்ட்’ கட்டளையை ‘-டைப் எல்’ என்ற தெரிவோடு பேக்கப் கோப்புறையில் ஓட்டி, எத்தனை சீட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கே காட்டுகிறது என்றாவது பாருங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு கணினி எழும்போது புதிய வட்டு மவுன்ட் ஆகாமல் போகும் நாளும் வரும். அப்போது ‘/வட்டு’ என்பது முதல் வட்டில் உள்ள வெறும் கோப்புறை. ‘/வேலை/படங்கள்’ இன்னும் சிம்லிங்காகவே இருந்தால், திறக்கப் போனால் ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்று சொல்லும். சரி, புதிதாக உருவாக்குவோம் என்று ‘எம்கேடிர் படங்கள்’ கொடுத்தால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்லும். இரண்டும் உண்மை: முதல் விடை சீட்டு காட்டும் இடத்தைப் பற்றியது, இரண்டாவது சீட்டைப் பற்றியது. இந்த நேரத்தில் யாராவது பதற்றத்தில் ‘/வட்டு’க்குள் புதிய கோப்புறை உருவாக்கி அதில் வேலையைச் சேமித்துவிட்டால், பின்னால் வட்டை மவுன்ட் செய்ததும் அந்த வேலை முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அழியாது, மவுன்ட்டை விலக்கினால் அடியில் அப்படியே கிடக்கும்.

எந்தப் பாதை சிக்கல் வந்தாலும் நான் முதலில் ஓட்டுவது ‘நேம்ஐ -எல்’ என்ற கட்டளை. ஒரு பாதையைக் கொடுத்தால், தொடக்கச் சாய்கோட்டிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, எது கோப்புறை, எது சிம்லிங்க், அது எங்கே தாவுகிறது, ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் யார், அனுமதி என்ன என்று காட்டி, எந்தப் படியில் அறுந்ததோ அங்கே நின்றுவிடும். ‘ரீட்லிங்க்’ என்பது சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் படித்துக் காட்டும். ‘ரீட்லிங்க் -எஃப்’ கடைசிவரை பின்தொடர்ந்து உண்மையான முகவரியைத் தரும். குனு ஃபைண்டில் ‘-எக்ஸ்டைப் எல்’ கொடுத்தால் உடைந்த சிம்லிங்குகள் மட்டும் வரிசையாக வரும். சிம்லிங்கின் மேல் எல்லா அனுமதிகளும் திறந்தே தெரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம், லினக்ஸில் அதற்குப் பொருளில்லை. வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் அனுமதி இருக்கிறதா என்பதே கேள்வி. ‘சிம்லிங்க் படிகள் மிக அதிகம்’ என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் இரண்டு சீட்டுகள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாதையைத் தேடும்போது லினக்ஸ் 40 தாவலுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்கிறது.

நான்காவது தொல்லை தமிழில் பெயர் வைக்கும் நமக்கே உரியது. இதைப் பற்றி எழுதியிருப்பவர்களும் குறைவு. ஈஎக்ஸ்டி4-க்கு, இயல்பான அமைப்பில், பெயர் என்பது எழுத்துகூட அன்று, பைட்டுகளின் வரிசை. சாய்கோடும் பூச்சிய பைட்டும் தவிர எது வந்தாலும் பெயராக ஏற்றுக்கொள்ளும், பைட் ஒன்று மாறினாலும் வேறு பெயர் என்று கொள்ளும். யுனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றை வைப்பது ஒரு வழி; ககரத்தின் பின் எகரக் கொம்பும் அதற்குப் பின் காலும் என இரண்டு குறிகளை வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. யுனிகோட் விதியும் இரண்டையும் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. ஆனால் அந்த விதியை நிறைவேற்றும் பொறுப்பு ஈஎக்ஸ்டி4-இடம் இல்லை. பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமையோ பெயரைச் சேமிக்கும்போதே ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்துத்தான் வைக்கும். அங்கே கட்டிய ஜிப்பில் பிரிந்த பெயர் வந்தது. உங்கள் சர்வரில் ஏற்கெனவே சேர்ந்த பெயர் இருந்தது. விளைவு, இரண்டு கொடை. ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளுக்கும் இதே கதைதான்; கோவில்பட்டி, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை என்று நம் ஊர்ப் பெயர்களை வைத்தாலே இதில் மாட்டிக்கொள்வோம்.

நம்புவதற்குக் கண்ணால் பார்ப்பது நல்லது. ‘பழையவை’க்குள் நின்று ‘எல்எஸ்’ வெளியீட்டை, தமிழின் ஒவ்வொரு பைட்டையும் எண்ம (எட்டடிமான) எண்ணாகக் காட்டும் ‘ஓடி -சி’ கட்டளைக்கு அனுப்புங்கள். சேர்ந்த கொடையில் 340 256 225 என்ற ககரத்துக்குப் பின் 340 257 212 என்று மூன்று எண்கள் மட்டும் வரும். பிரிந்ததில் அந்த இடத்தில் 340 257 206 340 256 276 என்று ஆறு எண்கள் வரும். அதன்பின் வரும் 340 256 237 340 257 210 இரண்டிலும் பொது, அதுதான் ‘டை’. ஆக முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுப்பதால், ஒரு பெயருக்கு உள்ள 255 பைட் வரம்பில் 85 குறிகள்தாம் அடங்கும். புள்ளியும் உயிர்க்குறியும் இதில் தனித்தனிக் கணக்கு. கோயில் பெயர், சாமி பெயர், ஊர்ப் பெயர், நாள் எல்லாம் சேர்த்து நீளமாகப் பெயர் வைத்த கோப்பை விண்டோஸ் ஏற்றுக்கொண்டு உங்கள் சர்வர் மறுப்பது இதனால்தான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அந்த 255-ஐ வேறு அலகில் எண்ணுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பௌர்ணமி’ என்று எழுதும்போது ஔகாரக் குறியை இடாமல், எகரக் கொம்பை இட்டு ளகர எழுத்தைத் தட்டி ‘பெளர்ணமி’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் மிகுதி. அச்சில் வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் அது யுனிகோட் விதிப்படியும் வேறு சொல். எந்தக் கருவியும் அதைத் தானாகத் திருத்தாது, நாம்தான் சரியாக எழுத வேண்டும். பெயரின் இறுதியில் ஒட்டிய இடைவெளியும், சில விசைப்பலகைகள் நடுவில் இட்டுவிடும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறியும் இதே வகைத் தொல்லைகள். ‘ஓடி -சி’ அவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

இனி இரண்டு கொடைகளையும் ஒன்றாக்கும் முறை. தட்டி அழைக்க முடியாத கோப்புறையை எண்ணால் அழைக்கலாம். ‘எல்எஸ் -ஐ’ கொடுத்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் ஐநோடு எண் வரும். இரண்டு கொடைகளில் தட்டினால் திறப்பது எந்த எண் என்று ‘எல்எஸ் -டிஐ கொடை’ சொல்லிவிடும். மற்றது பிரிந்த கொடை. ‘ஃபைண்ட் .’ கட்டளைக்கு ‘-மேக்ஸ்டெப்த் 1’ என்ற தெரிவையும், ‘-ஐநம்’ தெரிவோடு அந்த எண்ணையும் கொடுத்து, ‘-எக்ஸெக்’ வழியாக எம்வியை அழைத்து அதன் பெயரை ‘மேக்வரவு’ என்று மாற்றுங்கள். பிறகு ‘மேக்வரவு’க்குள் உள்ள பெயர்களைத் திருத்த ‘கான்வ்எம்வி’ என்ற கருவியை ‘-ஆர் -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி’ தெரிவுகளோடு ஓட்டுங்கள். அது இயல்பாக ஒத்திகை மட்டுமே பார்க்கும், என்ன மாற்றப் போகிறது என்ற பட்டியலை நிதானமாகப் படித்த பிறகே ‘--நோடெஸ்ட்’ சேர்த்து உண்மையாக மாற்றச் சொல்லுங்கள். அடுத்து ‘எம்வி -என்’ கொண்டு கோப்புகளைக் கொடைக்குள் நகர்த்துங்கள். ஒரே பெயரில் இரண்டு நோட்டீஸ்கள் இருந்தால் அந்தத் தெரிவு மேலெழுதாமல் விட்டுவிடும், அவற்றை மட்டும் நீங்கள் திறந்து பார்த்து முடிவு செய்யலாம். கடைசியில் ‘ஆர்எம்டிர் மேக்வரவு’ கொடுங்கள். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அது நீக்க மறுக்கும்.

இதையெல்லாம் முடித்த பிறகு நடப்புக்குப் போய் ‘எல்எஸ் -எல்’ கொடுத்து, புதிதாகப் போட்ட கொடை சிம்லிங்கின் அளவைப் பாருங்கள். ‘../பழையவை/கொடை’ என்பது 34 பைட். அங்கே 37 என்று வந்தால், மேக்கிலிருந்து வந்த பெயரை எங்கிருந்தோ நகலெடுத்துச் சீட்டில் ஒட்டிவிட்டீர்கள் என்று பொருள். சிம்லிங்கை நீக்கிவிட்டுப் பெயரை விசைப்பலகையில் தட்டி மீண்டும் போடுங்கள். அப்போதும் 37 வந்தால் உங்கள் விசைப்பலகை மென்பொருளே ஒகரக் குறியைப் பிரித்து எழுதுகிறது. எந்த மென்பொருள் என்று எழுதுங்கள், அதைப் பார்ப்போம்.